உப்பாத லைஃப் ஜாக்கெட்

என் கொழுந்தனார் ஆன்லைனில் ஒரு லைஃப் ஜாக்கெட் வாங்கினார். தண்ணீர் பட்டதும் தானே காற்று நிரம்பும் வகை. ஒகேனக்கல்லில் மீன் பிடிக்கப் பரிசலில் ஏறியபோது, என் பழைய தக்கை ஜாக்கெட்டைப் பார்த்து, "என்னங்க அண்ணி, தலகாணிய கட்டிக்கிட்டு வர்றீங்க?" என்று சிரித்தார்.

தூண்டிலில் மீன் இழுத்ததும் துள்ளி எழுந்தவர் ஆற்றில் விழுந்தார். ஜாக்கெட் உப்பவே இல்லை. மூழ்கி எழுந்தவரை என் கணவரும் பரிசல்காரரும் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார்கள்.

கரையில் பிரித்துப் பார்த்தால் உள்ளே காற்றை நிரப்பும் சின்ன கேஸ் சிலிண்டரே இல்லை. அது வீட்டில் அட்டைப்பெட்டிக்குள்ளேயே கிடக்கிறதாம்!

"அத தனியா மாட்டணும்னு யாருங்க சொன்னாங்க?" என்று என்னிடமே எகிறினார். நன்றி சொல்லக்கூட வாய் வரவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் யார் அந்த வகை ஜாக்கெட் போட்டுப் பரிசலில் ஏறினாலும், அதைத் திறந்து சிலிண்டர் இறுக்கமாக மாட்டியிருக்கிறதா என்று நானே பார்க்கிறேன். கொழுந்தனார் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். திருப்பிக்கொள்ளட்டும்.

- ஒரு வாசகி, பென்னாகரம்