கூடப் போகணும் என்ற அண்ணாச்சி

தற்கொலைத் தடுப்புத் திட்டம் எழுதுவதற்காக எல்லாத் துறைக்காரர்களையும் பாளையங்கோட்டையில் கூட்டியிருந்தார்கள். நூலகத் துறை சார்பில் நான் போயிருந்தேன். பக்கத்து நாற்காலியில் பஸ் டிப்போ மேலாளர். தலையில் முடி பேருக்குத்தான். ஆனாலும் யாராவது "அது எங்க துறையில வராது" என்றால், உடனே சீப்பை எடுத்துச் சீவிக்கொள்வார். அன்று நிறையவே சீவினார்.

மனமுடைந்து வருபவரை 'உரிய துறைக்கு அனுப்ப வேண்டும்' என்று வரைவில் இருந்தது. மேலாளர் எழுந்துவிட்டார்.

"அனுப்பப்பிடாது. யாருகிட்ட வந்து நிக்கானோ, அவரே கூடப் போணும்."

சுகாதார அதிகாரி சிரித்தார். "அண்ணாச்சி, ஒம்ம கண்டக்டரு பஸ்ஸ நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்கிப் போவாராக்கும்?"

"போகட்டும் வே. நம்ம பஸ்சு என்னைக்கி நேரத்துக்கு வந்துச்சு?"

கூட்டமே சிரித்தது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாக 'அனுப்ப' என்பதை அடித்துவிட்டு, 'அழைத்துச் செல்ல' என்று எழுதிக்கொண்டார்கள்.

டீ குடிக்கும்போது கேட்டேன். "இதுல அப்படி என்ன பிடிவாதம், அண்ணாச்சி?"

"ஒரு காலத்துல நானும் அப்படி நின்னவன்தான் வே. ஒருத்தரு கூட்டிட்டுப் போயி, டாக்டர் கூப்பிடுத வரைக்கும் பக்கத்துலயே இருந்தாரு. அவரு எந்தத் துறைன்னு கேக்கக்கூடத் தோணல."

சொல்லிவிட்டு, என் வடையில் பாதியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். மீதியையும் அவர் பக்கமே நகர்த்தி வைத்தேன்.