எறக்கு

மருதாசலத்தை நல்லவன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வீம்பு பிடித்தவன். ஆனால் முப்பது வருஷம் எங்கள் மலைத் திருப்புலி நாட்டு நோயாளிகளைத் தூளியில் சுமந்து அடிவாரத்துக் காரவள்ளி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன். ஒருத்தரையும் கீழே போட்டதில்லை. மலைக்கு ரோடு இல்லாத காலம் அது. மூங்கில் கழியில் போர்வையைக் கட்டி, அதில் ஆளைக் கிடத்தி, நாலு பேர் தோள் கொடுக்க வேண்டும்.

முன்னால் வயசானவர்கள் இருவர், பின்னால் இளவட்டங்கள் இருவர். அதுதான் எங்கள் வழக்கம். பாதையில் எந்தக் கல் ஆடும், எது ஆடாது என்பது எங்களைப் போன்ற கிழவர்களுக்குத் தெரியும். சரிவில் பாரத்தைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கிற வலு இளசுகளுக்குத்தான் உண்டு. பின்னால் வருகிறவன் கண்ணுக்குத் தூளித் துணியைத் தவிர வேறெதுவும் தெரியாது. முன்னவன் குரலை நம்பித்தான் கால் வைப்பான். "வேரு" என்றால் காலைத் தூக்கி வைக்க வேண்டும். "எறக்கு" என்றால் செங்குத்துப் படி வருகிறது, இழுத்துப் பிடி என்று அர்த்தம்.

இதைக் கெடுத்தது எங்கள் வாய்தான். இளசுகளைச் சோம்பேறிகள் என்று பொழுதுக்கும் ஏசினோம். ஒருநாள் மருதாசலம் தன் மகள் பொன்னாயியின் புருஷன் செல்லமுத்துவை ஊரார் முன்னால், "சோத்துக்குத்தான் லாயக்கு" என்று சொல்லிவிட்டான். மறுநாளே செல்லமுத்து தன் கூட்டாளி ராசுவோடு காரவள்ளிக்கு இறங்கி, லாரிக்கு மூட்டை தூக்கப் போய்விட்டான். எப்போதாவது ஊருக்கு வருவான், மாமனாரோடு பேச்சில்லை. இப்படி இரண்டு வருஷம். தூளிக்குக் கிழவர்களே நாலு பேர் தோள் கொடுத்தோம். உச்சிப் பொழுதுக்குள் இறங்கி முடிக்கிற பாதைக்குச் சாயங்காலம் ஆயிற்று.

பொன்னாயிக்கு வலி கண்டு இரண்டு நாளாகியும் பிள்ளை பிறக்கவில்லை. மருத்துவச்சி மாராயி கையை விரித்துவிட்டாள். "கீழ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க சாமி. உச்சிப் பொழுதுக்குள்ள போயிரோணும், இல்லீன்னா உசுரு தங்காது."

செல்லமுத்துவும் ராசுவும் அன்று மேலேதான் இருந்தார்கள். தாமாக வந்து பின்தோளுக்கு நின்றார்கள். மருதாசலமும் நானும் முன்னால். யாரும் யாரோடும் பேசவில்லை. பாவி, நானாவது பேசியிருக்கலாம்.

சும்மா சொல்லக்கூடாது, அப்படி இறங்கினோம். பின்னால் இளந்தோள் இருந்தால் எவ்வளவு சுகம் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. பாதி மலை கடந்தும் வெயில் ஏறவில்லை.

"போயிர்லாம் கண்ணு, பொறுத்துக்கோ," என்று மருதாசலம் திரும்பாமலே மகளிடம் சொன்னான். எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது.

வழுக்குப் பாறை வந்தது, பாதையின் முதல் செங்குத்துப் படி. "எறக்கு," என்றான் மருதாசலம்.

லாரியடியில் அந்தச் சொல்லுக்கு மூட்டையைத் தோளிலிருந்து கீழே வை என்று அர்த்தம். இரண்டு வருஷமாக அவர்கள் உடம்பு அதற்குத்தான் பழகியிருந்தது. இருவரும் சேர்ந்தாற்போல் தோளைச் சரித்தார்கள். மூங்கில் நழுவியது. பொன்னாயி பாறையில் விழுந்து உருண்டாள்.

எடுத்துக் கிடத்தியபோது மூச்சு இருந்தது. காரவள்ளிக் கூரைகள் தெரிகிற இடத்தில் அதுவும் நின்றுவிட்டது. வயிற்றுப் பிள்ளையும் அவளோடு போயிற்று.

"நீங்கதானுங்க மாமா எறக்குன்னீங்க," என்றான் செல்லமுத்து.

"படி வருதுன்னு சொன்னேன் மாப்ள."

இரண்டு வருஷத்தில் அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான். யார் மேலும் தப்பில்லை என்று ஊர் சொல்லிற்று. எனக்கு அந்தச் சமாதானம் வேண்டாம். கிளம்பும்போது அந்த ஒரு சொல்லைக் கேட்டுச் சரிபார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

மறுநாள் அதே நாலு பேர், அவளைக் கிடத்திய துணியின் நாலு முனையைப் பிடித்துக் குழிக்கு மேலே நின்றோம். மூத்தவன் மருதாசலம் சொன்ன பிறகுதான் விட வேண்டும். வெகுநேரம் அவளைப் பிடித்தபடியே நின்றோம்.

கடைசியில் செல்லமுத்து கேட்டான்.

"எறக்கட்டுங்களா மாமா?"