காதர் நானாவின் மழைப் போத்தல்

போன கிழமை கண்டிச் சந்தையில், பழைய போத்தல் விற்கிறவனின் கூடையில் ஒரு சதுரப் போத்தல் கிடந்தது. பச்சைக் கண்ணாடி, அடி சற்றுச் சிறுத்துத் தோள் அகன்றது. தோட்டத்துத் துரைமார் குடித்துவிட்டு எறிகிற சாதி. கையில் எடுத்துப் பார்த்தேன், முகர்ந்துகூடப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை ஐயா என்று அவன் சிரித்தான். விலை கேட்டுவிட்டு வாங்காமல் வந்தேன். வாங்கி என்ன செய்ய, மழை பிடிக்கவா?

மழை பிடித்த ஒரு மனிதரை எனக்குத் தெரியும். அவரைச் சொல்வதென்றால் முதலில் கோப்பியைச் சொல்ல வேண்டும். இப்போது இந்த மலையெல்லாம் தேயிலை. உங்களுக்கு அது பிடிக்கலாம், எனக்கு வெந்நீரில் சாயம் போட்ட மாதிரித்தான் இருக்கிறது. அன்றைக்குக் கண்டி கோப்பியின் ஊர். ஹந்தானைச் சரிவில் பூத்ததென்றால் மலை வெள்ளையாகிவிடும், வாவிக்கரை வரை மல்லிகை வாசம் வரும். கோப்பி மூட்டை அடுக்குகிற கிட்டங்கியின் முற்றத்தில் கொட்டை காயும்போது வருவது வேறு வாசம், கொஞ்சம் புளித்தது. என் சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் அது போகாது. கிட்டங்கியில் மூட்டைகளின் மேல் மையால் தோட்டத்துப் பேர் எழுதுவது என் வேலை. மூட்டைகளை நிறுப்பது காதர் நானாவின் வேலை.

நானா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். வயதில் மூத்த வண்டிக்காரர்களும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். மனைவி, நாலு பெண்பிள்ளைகள், கிட்டங்கிக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு. அடுத்த அறை என்னுடையது. பெட்டிக்குள் பணம் சேர்க்கிற ஆசையோ, காணி வாங்குகிற ஆசையோ அந்த மனிதருக்கு இருந்ததில்லை. நேற்றைக்கு எவ்வளவு மழை பெய்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். முற்றத்தின் நடுவில் ஒரு சதுரப் போத்தலைப் புதைத்து, அதன் வாயில் தகரப் புனல் ஒன்றைப் பொருத்தியிருந்தார். சாராயப் போத்தல் ஆயிற்றே, ராத்தா ஏழு தடவை சாம்பல் போட்டுக் கழுவிய பிறகுதான் அதை முற்றத்துக்குள்ளேயே விட்டாராம். ராத்தா என்று நான் சொல்வது நானாவின் மனைவியை.

தினமும் விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் போத்தலை வெளியே எடுப்பார். கமுக மரத்தில் சீவிய சிலாகை ஒன்றில் கத்தியால் வெட்டுகள் போட்டு வைத்திருந்தார். அதை உள்ளே விட்டு, நனைந்த மட்டத்தைப் பார்த்து, ஒரு வெட்டு, இரண்டு வெட்டு என்று கணக்கு எழுதுகிற கொப்பிப் புத்தகம் ஒன்றில் எழுதுவார். தமிழைத்தான் எழுதுவார், ஆனால் அறபு எழுத்தில், வலமிருந்து இடமாக. எனக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது. அளந்த தண்ணீரை கறிக்கு வாசத்துக்குப் போடும் ரம்பைச் செடிக்கு ஊற்றுவது பிள்ளைகளின் முறை, நாளுக்கு ஒருத்தி. மூன்று வெட்டுக்கு மேல் ஏறினால் அன்று வீட்டில் இனிப்பு, தேங்காய்ப்பால் ஊற்றிய வட்டலப்பம். எனக்கும் ஒரு கிண்ணம் வரும். அதனால் நானும் மழைக்காக வேண்டிக்கொள்வதுண்டு.

துணி வெளுக்கிறவர், பந்தல் போடுகிறவர், கல்யாண வீட்டார், எல்லாரும் அவரிடம் வந்து நாளைக்கு மழை வருமா என்று கேட்பார்கள். அவர் நேற்று எவ்வளவு பெய்தது என்று சொல்லுவார். நாளையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, தெரியும் என்று சொன்னதும் இல்லை. ஆனாலும் கேட்டவர்கள் திருப்தியோடுதான் போவார்கள். அப்படி ஒரு முகம் அவருக்கு.

பிறகு கோப்பிக்கு நோய் வந்தது. இலையைத் திருப்பினால் அடியில் மஞ்சள் பொடி. விரலில் ஒட்டும். எங்கள் ஆட்கள் கோப்பிக்கு அம்மை போட்டிருக்கிறது என்று வேப்பிலை கட்டினார்கள். துரைமார் சுண்ணாம்பு தூவினார்கள். இலை கொட்டும், மறுபடி தளிர்க்கும், மறுபடி கொட்டும். தளிர்க்கும்போதெல்லாம் நோய் போய்விட்டது என்று எல்லாரும் நம்பினோம்.

அந்த வருடம்தான் நானாவின் மூத்த மகள் ஆமினாவுக்கு முதற் பிரசவம். அவளை அலவத்துகொடையில் கொடுத்திருந்தார்கள். மருமகனுக்கு அங்கே ஒரு கோப்பித் தோட்டம், அதுதான் அவர்களுக்குச் சோறு. மாமியார் இல்லாத வீடு என்பதால் நானா குடும்பத்தோடு அங்கே ஒரு மாதம் போய் இருந்தார். போகும்போது சிலாகையை என் கையில் தந்தார். பிள்ளையைத் தூக்கித் தருவது போலத்தான் தந்தார்.

"தம்பி, நீங்க பாத்துக்கங்க. ஒரு நாளும் உடாதீங்க."

நாலு நாள் அளந்தேன். ஐந்தாம் நாள் தூங்கிவிட்டேன். ஆறாம் நாள் ஐந்தாம் நாளின் வெட்கம். அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. அவர்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்பு போய்ப் பார்த்தால் போத்தல் வாய்வரை நிரம்பி வழிந்து நின்றது. எந்த நாள் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? எல்லாவற்றையும் ரம்பைக்கு ஊற்றிவிட்டு, ஒரு துண்டுக் கடதாசியில் மீதி நாட்கள் முழுவதற்கும் 'மழை இல்லை' என்று எழுதினேன். பெய்தது என்றால் ஒவ்வொரு நாளுக்கும் எத்தனை வெட்டு என்று யோசிக்க வேண்டும். இல்லை என்றால் ஒரே சொல். பொய்யிலும் நான் சோம்பேறிதான்.

நானா அதை வாங்கிப் படித்துவிட்டு ஆச்சரியப்பட்டார். பேரன் பிறந்த மாதம் அலவத்துகொடையில் கொட்டு கொட்டென்று கொட்டியதாம், இங்கே ஒரு துளி இல்லையாம். என் கண்முன்னால் அதைக் கொப்பியில் பெயர்த்து எழுதினார். அந்த நேரம் பார்த்துக் கிட்டங்கிக்குப் பின்னால் இருந்த கோப்பிச் செடிகள் புதிதாய்த் தளிர்த்து நின்றன. மருமகனின் தோட்டத்தில் இலை கொட்டிக்கொண்டிருந்தது. நானா இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். மழை விட்ட இடத்தில் நோய் விடுகிறது என்று கண்டுபிடித்துவிட்டார். அந்த மாதம் கண்டியிலும் மழைதானே என்று பக்கத்தில் யாரோ சொன்னதற்கு, ஆட்களுக்கு மறக்கும், போத்தலுக்கு மறக்காது என்றார். நான் குனிந்து செருப்பைத் தேடினேன்.

சில மாதம் கழித்து மருமகன் வந்தார். அவர் ஊரில் பலர் கோப்பியைப் பிடுங்கிவிட்டுக் கமுகு வைக்கத் தொடங்கியிருந்தார்கள். பிடுங்கலாமா, வைத்திருக்கலாமா என்று கேட்க வந்தவர். நானும் அங்கேதான் பலகையில் உட்கார்ந்து, கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு கோப்பி குடித்தேன். நானா கொப்பியைக் கொண்டுவந்து அந்தப் பக்கத்தை விரித்தார்.

"புடுங்க வேணாம் மருமகன். நல்ல வெயில் ஒண்டு காஞ்சா நோவு உட்டுரும். இதுல எழுதி ஈக்கிது."

அப்போது ஒரு வார்த்தை போதும். நான் அளக்கவில்லை என்ற ஒரு வார்த்தை. வாயில் கருப்பட்டி இருந்தது. நான் மென்றுகொண்டிருந்தேன். வெட்கம்தான், வேறொன்றும் இல்லை.

மருமகன் பிடுங்கவில்லை. வெயிலும் வந்தது, தளிரும் வந்தது, தளிரும் கொட்டியது. இரண்டு வருடத்தில் தோட்டம் குச்சியாக நின்றது. கமுகு வைத்தவர்கள் எப்படியோ தாக்குப்பிடித்தார்கள். மருமகன் பெண்சாதியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கொழும்புத் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனார். அங்கே ஆமினா காய்ச்சலில் போய்விட்டாள். அடக்கம் முடிந்து ஒன்பதாம் நாள்தான், கட்டுகஸ்தோட்டை வழியாக வந்த ஒரு வண்டிக்காரர் சொல்லித் தெரிந்தது. அன்று நானா தராசடியில் நின்றுகொண்டிருந்தார். தட்டில் இருந்த மூட்டையை நிறுத்து முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகும் அவர் போத்தலை விடவில்லை. சிலாகையை விட்டுப் பார்ப்பார், எழுதுவார். வட்டலப்பம் மட்டும் நின்றுபோனது. கிட்டங்கி மூடியது. நான் தேயிலைக் கடையொன்றில் சேர்ந்தேன். அவரை யாரும் சேர்க்கவில்லை.

கடைசியில், அவர் படுத்த படுக்கையாய் இருந்தபோது போய்ச் சொன்னேன். இனி அவருக்கு அது என்ன செய்துவிடப் போகிறது என்ற தைரியம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"நானா, அந்த மாசம் நான் அளக்கல. போத்தல் நெறஞ்சி கெடந்துச்சி. பொய்யா எழுதிக் குடுத்துட்டேன்."

திட்டுவார் என்று இருந்தேன். அழுவார் என்றும் இருந்தேன். ராத்தா வாசலில் நின்றதை நான் அப்போதுதான் கவனித்தேன். பிறகு அவர் என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"அப்ப எங்கட பேரன் பொறந்த மாசம் இங்க எவ்வளவு மழ, தம்பி?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். ராத்தா அதற்குப் பிறகு எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.

கிட்டங்கி இருந்த இடத்தில் இப்போது வண்டி கட்டுகிறார்கள். நானாவின் வீடு இடிந்துவிட்டது. மற்ற மூன்று பெண்களும் எங்கெங்கோ. அந்தப் பேரன் எங்கே என்று நான் விசாரித்த யாருக்கும் தெரியவில்லை. கொப்பி கரையான் தின்று போயிருக்கும். இருந்தாலும் என்ன, நான் சொன்ன பொய்தான் அந்தப் பக்கத்தில் இருக்கும். இதை எழுதும்போது வெளியே மழை பெய்கிறது. எத்தனை வெட்டு என்று சொல்ல ஊரில் ஆள் இல்லை.