டவர் கிடைத்த இடத்தில் ஒரு தடுப்பணை

மேப் போடுகிற வேலை என்று சொன்னால் போதும், கல்யாண வீடுகளில் என்னைச் சுற்றி நாலு பேர் சேர்ந்துவிடுவார்கள். ஒருவர் தன் மனையின் எல்லையைக் கேட்பார். இன்னொருவர், பக்கத்து வீட்டுக்காரன் தன் பக்கம் எத்தனை அடி வந்திருக்கிறான் என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்பார். இல்லைங்க, இது மழைத்தண்ணீரையும் மண்ணையும் எங்கே தடுத்து நிறுத்தலாம் என்று பார்க்கிற மேப் என்று நான் விளக்க ஆரம்பிப்பதற்குள் பந்திக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். ஒருவிதத்தில் அதுவும் நல்லதுதான். முழுக்க விளக்கினால் கடைசியில் திட்டக்குடிப் பக்கத்துத் தடுப்பணை ஒன்றைப் பற்றிப் பேச வேண்டிவரும். பேசினால் சாப்பாடு இறங்காது.

வீடு சிதம்பரத்தில், ஆபீஸ் கடலூரில், மேப்பில் இருக்கும் நிலமெல்லாம் மாவட்டத்தின் மேற்குக் கோடியில். ஒப்பந்த வேலை. செயற்கைக்கோள் படத்திலிருந்து மேடு பள்ளங்களை எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். பிறகு அதன்மேல் மழை பெய்ய வைப்பேன். நிஜ மழை இல்லை, கணக்கில் பெய்கிற மழை. தண்ணீர் எந்த வழியில் இறங்கும், எங்கே ஒன்றுசேரும், எங்கே வேகமெடுத்து மண்ணை அறுக்கும் என்று நீலக் கோடுகளாக விரியும். கோடுகள் கூடுகிற இடத்தில் நான் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பேன். அங்கே தடுப்பணை வர வேண்டும் என்று அர்த்தம். வேலை முடிந்தால் புள்ளி பச்சையாகிவிடும். இந்த உத்தியோகத்தில் எனக்குப் பிடித்தது அந்தப் புள்ளி வைக்கிற நிமிஷம் மட்டும்தான்.

வைத்த புள்ளி சரியா என்று நேரில் போய்ப் பார்ப்பதும் என் வேலை. அப்படி ஒரு புள்ளியைத் தேடி, திட்டக்குடிப் பக்கம் போனைப் பார்த்துக்கொண்டே ஒரு மக்காச்சோளக் கொல்லைக்குள் நடந்தேன். புள்ளி ஒரு ஓடைக் கரையில் போய் நின்றது. கரையை ஒட்டி ஒரு கிணறு. கொல்லைக்காரம்மா என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர், புருஷன் இல்லை, தனியாகத்தான் பயிர் வைக்கிறார். நான் யார், எதற்கு வந்தேன் என்று கேட்டுக்கொண்டு, ஓடைக்குள் ஓரிடத்தைக் கை காட்டினார்.

"போன மழைக்கு முன்னாடி அங்க ஒரு வேப்பமரம் இருந்திச்சிம்மா. அதுக்கு அந்தாண்டதான் கரை. இப்ப பாரு, கெணத்துக்கிட்ட வந்துடிச்சி."

கிணற்றுக்கும் ஓடைக்கும் நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அளவுக்குத்தான் மண் மிச்சமிருந்தது.

"இந்தக் கெணறு போச்சுன்னா கொல்லையப் போட்டுட்டு திருப்பூருக்குத்தான் போவணும். என் தங்கச்சி அங்கதான் பனியன் கம்பெனியில இருக்குது. எனக்குப் போவ இஷ்டம் இல்ல."

நான் மேப்பைக் காட்டினேன். அவர் கை காட்டிய இடத்துக்குக் கொஞ்சம் மேலேதான் என் புள்ளி இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். கணக்கும் கண்ணால் பார்த்ததும் அப்படிப் பொருந்தி வருவது அபூர்வம்.

"காட்டறது இருக்கட்டும். கட்டுவாங்களா?" என்றார்.

"மழைக்கு முன்னாடி கட்டிடுவாங்கக்கா. கட்டிட்டா மேப்புல இந்தப் புள்ளி பச்சையாயிடும்."

நம்பித்தான் சொன்னேன். கிளம்பும்போது என் நம்பரைக் கேட்டார். அங்கே டவர் இல்லை, மிஸ்டு கால் கொடுத்துப் பார்க்க முடியவில்லை. நான் ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல, தன் பட்டன் போனில் ஏற்றிக்கொண்டார். அவர் நம்பரை நானும் குறித்துக்கொண்டேன்.

சில மாதம் கழித்து ஆபீஸில் ஒரு காலை மேப்பைத் திறந்தபோது அந்தப் புள்ளி பச்சையாக இருந்தது. பக்கத்து சீட்டில் இருந்தவருக்கும் சேர்த்து அன்று டீ என் செலவு.

அடுத்த முறை அந்தப் பக்கம் போனபோது, பஸ்ஸை விட்டு இறங்கியதும் ரோட்டோரம் தண்ணீர் டேங்க் பக்கத்தில் மேட்டின்மேல் ஒரு புதுத் தடுப்பணை தெரிந்தது. வேறு ஏதோ திட்டம் போலிருக்கிறது, எந்தப் புத்திசாலி மேட்டில் கட்டினானோ என்று நினைத்துக்கொண்டே கொல்லைக்குப் போனேன். ஓடையில் ஒரு கல் கூட இல்லை. திரும்பி வந்து அந்த மேட்டுத் தடுப்பணையின் போர்டைப் படித்தேன். பயனாளி என்று கொல்லைக்காரம்மாவின் பெயர் எழுதியிருந்தது.

பின்னாலேயே அவரும் வந்துவிட்டார். "போட்டோ எடுக்கணும், இங்க வந்து நில்லுங்கன்னாங்க. நின்னேன். நம்ம கெணத்துக்குத்தான் எதனா பண்ணப் போறாங்கன்னு நெனச்சேன்."

தடுப்பணை வேலையைப் பார்க்கிற ஓவர்சியருக்கு அங்கிருந்தே போன் போட்டேன். பைக்கில் வந்தார். ஒளிக்கவெல்லாம் இல்லை.

"மேடம், நீங்க புள்ளி வெச்ச எடத்துல டவரே இல்ல. போட்டோ ஏறலன்னா பில்லு ஏறாது. ரெண்டு நாளு போனத் தூக்கிக்கினு ஓடையில ஏறி எறங்கிப் பார்த்துட்டேன். ஊருல இங்க ஒரு எடத்துலதான் நல்லா கிடைக்குது. நான் இன்னா பண்ணட்டும்?"

அவர் சொன்னது பொய்யில்லை. வேலை நடக்கிற இடத்தில் நின்று படம் எடுத்து, நின்ற இடத்திலிருந்தே ஆப்பில் அனுப்ப வேண்டும். முன்பு வீட்டுக்குப் போய் அனுப்பும் வசதி இருந்தது. யாரோ ஒரே தடுப்பணையை நாலு பக்கமிருந்து படம் எடுத்து நாலு தடுப்பணை என்று காட்டிவிட்டாராம். திருட்டைத் தடுக்கிறோம் என்று அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். அதனால் இவர் ஆபீஸில் சொல்லி என் புள்ளியையே டவர் கிடைக்கிற இடத்துக்கு நகர்த்திவிட்டார். செய்தவர்களுக்கு அது ஒரு சின்னத் திருத்தம். என்னிடம் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பச்சையைப் பார்த்த சந்தோஷத்தில் புள்ளி இடம் மாறியதை நானும் கவனிக்கவில்லை.

"வேலையில கொற சொல்ல முடியாது மேடம்" என்று சுவரைத் தட்டிக் காட்டினார். சொல்ல முடியாதுதான். தண்ணீர் வராது என்ற ஒன்றைத் தவிர அந்தத் தடுப்பணையில் ஒரு குறையும் இல்லை.

மறுநாள் மேலதிகாரியிடம் போனேன். மேப்பைக் காட்டினேன், கிணற்றைப் பற்றிச் சொன்னேன். அவர் ஆப்பில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "நல்லாத்தானேம்மா கட்டியிருக்காங்க" என்றார். ஓடையில் இன்னொன்று கட்டலாம் என்றேன். புதுப் புள்ளி வைத்துப் பார் என்றார். வைத்தேன். கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. இந்த ஓடைப் பகுதியில் ஏற்கெனவே தடுப்பணை முடிந்துவிட்டது, இன்னொன்றுக்கு இடமில்லை என்று காட்டியது. ஆப் செய்து கொடுத்த கம்பெனிக்கு போன் செய்தேன். புகாரைப் பதிவு செய்யுங்கள் மேடம் என்றது ஒரு இனிமையான குரல். பதிவு செய்தேன். உங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று மெசேஜ் வந்தது. எதைத் தீர்த்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுபடி மேலதிகாரியிடம் போய், ஒரே ஒரு தடவை நேரில் வந்து பாருங்கள் சார் என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "ஒடம்புக்கு முடியலன்னா ரெண்டு நாள் லீவு எடும்மா" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. பாத்ரூமில் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

ஊரில் நடந்தது இதற்கும் ஒரு படி மேல். மிச்சமிருந்த காலி சிமெண்ட் சாக்குகளை ஓவர்சியரே பைக்கில் கட்டிக்கொண்டுபோய்க் கொல்லைக்காரம்மாவிடம் கொடுத்திருக்கிறார். அந்தம்மாவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் மண் அள்ளிப் போட்டுக் கிணற்றோரம் அடுக்கினார்கள். நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் சாக்கு பிடித்தேன். இடுப்பு உயரத்துக்கு ஒரு வரிசை வந்தது. தாங்குமா என்று அவர் கேட்டார். பார்க்கலாம்க்கா என்றேன். இந்த முறை தாங்கும் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சிதம்பரத்தில் தெருவில் கணுக்கால் தண்ணீர். ஆபீஸ் போகிற பஸ் புவனகிரி பாலத்தின்மேல் ஏறும்போது வெள்ளாற்றை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் சிவந்து போயிருந்தது. அதெல்லாம் மேற்கேயிருந்து வருகிற மண். பக்கத்தில் இருந்தவர் ஆறு அழகாகப் போகுதில்ல என்றார். எனக்கு அவரிடம் சண்டை போட வேண்டும் போல இருந்தது. கொல்லைக்காரம்மாவுக்கு போன் செய்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றே வந்தது. நாள் முழுக்க அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை அதே பஸ்ஸில் இருக்கும்போது அவரே கூப்பிட்டார்.

"யம்மா, நாந்தான் பேசறேன்."

பக்கத்து சீட்டிலிருந்து பேசுவது போல அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

"எங்கேர்ந்துக்கா பேசறீங்க?"

"நம்ம தடுப்பண மேல ஏறி நிக்கிறேன். இங்கதான் டவரு கிடைக்குது. ஊருல எல்லாரும் இப்ப இங்க வந்துதான் பேசறாங்க."

"கெணறு?"

"போயிடிச்சிம்மா. நேத்து சாயங்காலம் சாக்கெல்லாம் சரிஞ்சி, பின்னாடியே அதுவும் உள்ள போயிடிச்சி. மோட்டாரக்கூட எடுக்க முடியல."

அவர் அழவில்லை. அடுத்ததாக ஒன்று கேட்டார்.

"தங்கச்சி திருப்பூருக்கு வான்னு கூப்பிடுது. போறதுக்கு முன்னாடி ஒன்ன ஒரு வார்த்த கேக்கலாம்னு கூப்ட்டேன். அந்தப் பச்சப் புள்ளிய மறுபடியும் செவப்பா மாத்த முடியுமாம்மா? மாத்தினா வந்து கட்டுவாங்க இல்ல?"

என்னால் அதை மாற்ற முடியாது. லைன் கட் ஆகிவிட்டால் நன்றாக இருக்கும் என்று போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவரும் பதிலுக்குக் காத்திருந்தார். லைன் கட் ஆகவில்லை. அங்கே டவர் நன்றாகக் கிடைக்கிறது.