பிளானில் இல்லாத அறை

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள்: வீட்டை வாங்கிய மேடம். அவர் கூட்டி வந்த இன்ஜினியர். ஒரு மேஸ்திரி. என் பெண்டாட்டி. நான்.

வீடு மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கம் போகும் வழியில், சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இருக்கிறது. நான் அதற்கு வாட்ச்மேன். வீட்டின் பின்பக்கம் ஒட்டினாற்போல் ஓர் அறை. அதில் நானும் அவளும் முப்பத்தொரு வருஷம் குடியிருந்தோம். பிள்ளை இல்லை.

வீட்டைக் கட்டிய ஐயா என் அப்பா வயசு ஆள். தட்டைக் கூரை, சாய்ந்து நிற்கும் தூண், வட்ட ஜன்னல், மொசைக் தரை, ஓட்டை ஓட்டையாக சிமெண்ட் ஜாலி. ஊரில் அதற்குத் தீப்பெட்டி வூடு என்று பேர். கிண்டல்தான். ஐயா போன பிறகு மகன் விற்கப் பார்த்தார். வந்த புரோக்கர்கள் எல்லாரும் ஒரே பேச்சுதான் பேசினார்கள்.

"மனைக்குத்தான் மதிப்பு. வூடு வேஸ்ட்டு. இடிச்சிட்டு ரிசார்ட் கட்டுவாங்க. நீ வேற எடம் பாத்துக்க."

அதனால், விற்றாயிற்று என்று போன் வந்ததும் பெண்டாட்டி ஏனங்களைப் பழைய புடவையில் மூட்டை கட்டிவிட்டாள்.

மேடம் வந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். உள்ளே போனவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். மயக்கம் என்று நினைத்தேன்.

"தண்ணி வேணுமா மேடம்?"

"இல்லண்ணா. இந்த மொசைக்கப் பாருங்க. இப்ப யாரு போடுவா இத?"

உள்ளங்கையால் தரையைத் தடவினார். பழைய கறுப்பு சுவிட்சைத் தட்டித் தட்டிப் பார்த்தார். இப்போது சென்னையில் இந்த மாதிரி வீட்டுக்குத்தான் ஆட்கள் அலைகிறார்கள் என்றார் இன்ஜினியர். எனக்கு நம்பிக்கை வரவில்லை. மேஸ்திரி என் காதில் சொன்னான்.

"இன்னா அண்ணாத்த, இதுக்கா இவ்ளோ பில்டப்பு? எங்க மாமியா வூட்லயும் இதே தரைதான். போன வருசம்தான் மேல டைல்ஸ் ஒட்னேன்."

"வாய மூடு. அந்தம்மா கேட்டா அழுதுடும்" என்றேன்.

பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டேன். "எப்ப இடிப்பீங்க மேடம்?"

"இடிக்கறதா? ஒரு கல்லக்கூட எடுக்க மாட்டேன். கட்டினப்ப எப்படி இருந்துச்சோ, அப்படியே வேணும்."

பெண்டாட்டி என்னைப் பார்த்தாள். பின்னால் போய் மூட்டையை அவிழ்த்து, டீப் பாத்திரத்தை எடுத்து அடுப்பில் வைத்தாள்.

"பழைய போட்டோ, பிளான் ஏதாவது இருக்காண்ணா?" என்றார் மேடம்.

இருந்தது. ஐயா என்னிடம் கொடுத்து, பத்திரமாக வை என்றார். டிரங்குப் பெட்டியின் அடியில், லுங்கியில் சுற்றி, பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்தேன். கடல் தண்ணீர் உள்ளே ஏறிய அன்று முதலில் அதைத்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. இவர் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன்.

நீலக் காகிதம். தரையில் விரித்து நாலு மூலையிலும் டீ கிளாஸ் வைத்தார்கள். மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

"ரேசன் கார்ட தண்ணில வுட்டுட்டு இந்தப் பேப்பர தூக்கினு ஓடுன ஆளு மேடம் இது" என்றாள் பெண்டாட்டி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இன்ஜினியர் பிளானோடு வீட்டைச் சரிபார்க்கக் கிளம்பினார். காகிதம் பெரியது. ஒரு முனையை அவர் பிடித்தார், ஒரு முனையை நான் பிடித்தேன். தூண் சரி. வட்ட ஜன்னல் சரி. அடுப்படி சரி. அப்படியே பின்பக்கம் வந்தோம். எங்கள் கதவுக்கு முன்னால் நின்றார். காகிதத்தைப் பார்த்தார். கதவைப் பார்த்தார்.

"இந்த ரூம் பிளான்ல இல்லியே."

எனக்குப் பிளான் படிக்கத் தெரியாது. விரலை வைத்துக் காட்டினார். அந்த இடம் வெறும் நீலம். பக்கத்தில் ஒரு கோடு, கோடு நெடுகச் சின்னச் சின்னக் கட்டம்.

"இங்க ஜாலிச் சுவர் இருக்கணும். எட்டு வரிசை. வரிசைக்குப் பன்னண்டு. தொண்ணூத்தாறு கல்லு. எங்க போச்சு?"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. என் கல்யாணத்தின்போது ஐயா சொன்னார், அந்தச் சுவரோடு சேர்த்து ஒரு ரூம் போட்டுக்கொள் என்று. ஓட்டை வழியாக அடுப்படிக்கும் எங்களுக்கும் தெரியக் கூடாது என்று நான்தான் இரண்டு பக்கமும் சிமெண்ட் பூசி அடைத்தேன். மூன்று ஆணி அடித்தேன். காலண்டருக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, சட்டைக்கு ஒன்று. பிறகு அது வெறும் சுவராகத்தான் தெரிந்தது. மறந்தே போனேன்.

மேடம் எங்கள் கதவுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு, "அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. பழையபடியே இருக்கணும்னா..." என்று நிறுத்தினார்.

"ரூம எடுத்துடணும்" என்றார் இன்ஜினியர்.

"ஒரு மாசம் டைம் எடுத்துக்கங்க. பகல்ல தோட்ட வேலைக்கு வாங்க. சம்பளம் அப்படியேதான்." மேடம் நல்லபடியாகத்தான் சொன்னார்.

"சரி" என்றேன். காகிதத்தின் முனை இன்னும் என் கையில்தான் இருந்தது. இன்ஜினியர் இழுத்துப் பார்த்துவிட்டு, "விடுங்க, கிழிஞ்சிடும்" என்றார். விட்டேன்.

பெண்டாட்டி டீ கிளாஸ்களைக் கழுவினாள். பாத்திரத்தைத் துடைத்தாள். புடவையை விரித்து மறுபடி மூட்டை கட்டினாள். கட்டிக்கொண்டே சொன்னாள்.

"யோவ், அன்னிக்கு இந்தப் பேப்பர வுட்டுட்டு ரேசன் கார்ட தூக்கினு ஓடியிருந்தா இன்னிக்கு வூடு இருந்திருக்கும்யா."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

சிங்கப்பெருமாள் கோயிலில் அவள் தம்பி வீட்டு மாடியில் ஷீட் போட்ட ரூம். அங்கே போனோம். தினமும் இரண்டு பஸ் மாறித் தோட்ட வேலைக்கு வந்தேன். ஒரு மாசம் கழித்து, அறையின் மற்ற மூன்று சுவரையும் மேஸ்திரி ஒரு காலையில் தள்ளிவிட்டான். ஜாலிச் சுவரில் மட்டும் கை வைக்க யோசித்தான். உடைந்தால் இப்போது அந்தக் கல் கிடைக்காதாம்.

"குடு உளிய" என்றேன்.

"உனக்கு எதுக்கு அண்ணாத்த? நீ போயி நெழல்ல குந்து."

"பூசுனது நான்."

எத்தனை கனம் பூசினேன் என்று எனக்குத்தான் தெரியும். மெதுவாகக் கொத்தினேன். இரண்டு நாள் ஆயிற்று. ஓட்டை ஒவ்வொன்றாகத் திறந்தது. சவுக்குக் காற்று அடுப்படிக்குள் போயிற்று. ஆணி இருந்த மூன்று இடத்திலும் கல் விரிசல் விட்டிருந்தது. காலண்டர். கண்ணாடி. சட்டை.

சாயங்காலம் இன்ஜினியர் போன் பண்ணினார். "தொண்ணூத்தாறுல எத்தன முழுசா இருக்கு?"

விரல் வைத்து எண்ணினேன். இன்னொரு தடவை எண்ணினேன்.

தொண்ணூற்று மூன்று.