அட்டைக்கு வைத்த உப்புத் தண்ணீர்

கலவான ஊரின் மழையில் நனைந்து வகுப்புக்கு வந்த மாணவியின் கால்களில் உப்புத் தண்ணீரும் சவர்க்காரமும் கலந்து மணத்தன. அட்டை கடிக்காமலிருக்கப் பூசுவது. கையில் சோக்குக்கட்டியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

சிறு வயதில், தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டுக் கதவோரம் அதே மணத்தோடு ஒரு போத்தல் இருக்கும். கொழுந்து பறிக்க மலைக்குப் போகுமுன் அம்மா அதைக் குலுக்கிக் கால்களில் பூசுவாள். அப்படியும் அட்டை கடித்துவிட்டால், மறுநாள் இன்னொரு பிடி உப்பைப் போடுவாள்.

அப்போது நான் படித்த பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானத்துக்கு ஆசிரியர் கிடையாது, பரீட்சையோ நெருங்கியிருந்தது. நூறு கிராம் நீரில் முப்பத்தாறு கிராம் உப்புத்தான் கரையும் என்றால், ஐம்பது கிராம் போட்டால் என்ன ஆகும்? புத்தகத்தோடு தனியாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், போத்தலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்ததைப் பார்த்தேன்.

"பதினாலு கிராம் அடியில கெடக்கும்! அம்மா, இனிமே போடாதம்மா. அந்தத் தண்ணியில இதுக்கு மேல உப்பு ஏறாது."

அம்மா இன்னொரு பிடியை உள்ளே போட்டாள். "அத அட்டைக்கிட்டப் போய்ச் சொல்லு."

நான் சிரிக்கவில்லை. அந்தப் பாடத்தின் மீதிக் கணக்குகளையும் போட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

இங்கே ஆய்வுகூடம் இல்லை, அதே கரைதிறன் பாடத்தை வாசித்துக் காட்டினால் போதும் என்று நேற்றுத்தான் எங்கள் பள்ளி அதிபர் சொன்னார். மாணவியைக் கூப்பிட்டேன்.

"ஒங்க வீட்டுப் போத்தல்ல, அடியில உப்பு கெடக்குதா?"

"நெறையக் கெடக்குது டீச்சர். அம்மா தெனமும் போடுவாங்க."

"நாளைக்கு அதத் தூக்கிட்டு வா. தராசு நான் கொண்டு வாறேன்."