தண்ணீர் குடித்த கார்

இது நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நிறுத்தி "நிஜமாகவா?" என்று யாரும் கேட்க வேண்டாம். செஞ்சியில் மோட்டார் ரிப்பேர் பார்த்த செபாஸ்தியான் ஒன்றும் அரிச்சந்திரன் இல்லை. "நாளைக்குக் காலையில் வண்டி ரெடி" என்று வாரக்கணக்கில் ஆளை அலைய விடுகிறவன்தான். ஆனால் இந்த ஒரு விஷயத்தை மட்டும் எத்தனை முறை கேட்டாலும் ஒரே மாதிரிதான் சொன்னான். கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. நம்பாதவர்கள் சிரித்தால் அவனுக்குக் கோபமும் வராது. எழுந்து போய்விடுவான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நாலு, சித்திரை மாதம். யுத்த காலம். பெட்ரோலுக்குக் கூப்பன், உதிரி சாமானுக்குத் தவம். செபாஸ்தியானின் கொட்டகையில் ஊர்ப் பெரியதனக்காரர் ரங்கநாதனின் பழைய கார் ஹெட் கழற்றிய நிலையில் நின்றது. கேஸ்கெட் எரிந்து போயிருந்தது. கேஸ்கெட் என்பது வேறொன்றுமில்லை, என்ஜினின் உடம்புக்கும் அதை மூடுகிற ஹெட்டுக்கும் நடுவில் வைக்கிற செம்புத் தகடு. அது எரிந்தால் ரேடியேட்டர் தண்ணீர் என்ஜினுக்குள் இறங்கிவிடும். வண்டி தண்ணீர் குடிக்கிறது என்பார்கள். புதுத் தகடு தேடிப் பத்துப் பன்னிரண்டு நாள் சென்னைப் பட்டணத்தில் அலைந்தான். கிடைக்கவில்லை. வெறுங்கையோடு முந்தின நாள்தான் ஊர் திரும்பியிருந்தான்.

வந்த அன்றே மனைவி ரோஸ்மேரிக்கு வலி எடுத்துவிட்டது. தலைப்பிரசவம். ராத்திரி முழுக்க வலித்தும் பிள்ளை இறங்கவில்லை. மறுநாள் மாதா கோவிலில் உச்சிவேளை மணி அடித்தபோது, மருத்துவச்சி அம்மாக்கண்ணு கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே செபாஸ்தியான் எழுந்துவிட்டான்.

"செபாஸ்தி, இது என் கையில இல்லப்பா. புள்ள குறுக்க கெடக்குது. திண்டிவனத்துக்குத் தூக்கிடு. பொழுது சாயறதுக்குள்ள டாக்டரம்மாகிட்ட சேத்துடணும். இல்லன்னா ரெண்டு உசிரும் தங்காது."

"மாட்டு வண்டி கட்டச் சொல்லட்டா அக்கா?"

"மாட்டு வண்டி வேணாம்." வெடுக்கென்று சொன்னாள். பிறகு குரல் இறங்கியது. "வண்டியில போனா... போய்ச் சேராது."

உள்ளேயிருந்து ரோஸ்மேரி முனகினாள். "தண்ணி... ஒரு வாய் தண்ணி குடுங்களேன்..."

செபாஸ்தியான் சொம்பை எடுத்தான். அம்மாக்கண்ணு அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "இன்னா பண்றே? வலி கண்டவளுக்குத் தண்ணி கூடாது. வயிறு குளுந்தா வலி நின்னுடும். புள்ள உள்ளயே தங்கிடும்." அந்த நாளில் அப்படித்தான் நம்பினார்கள். ஊரில் பாதிப் பேரைப் பூமிக்குக் கொண்டுவந்த கை அது. அந்தக் கையை உதறுகிற தைரியம் அவனுக்கு இல்லை. சொம்பைக் கீழே வைத்தான்.

இனி ஒரே வழி அந்தக் கார்தான். டாங்கில் கொஞ்சம் பெட்ரோல் இருந்தது. கேஸ்கெட்தான் இல்லை. பழைய தகட்டையே ஒப்பேற்ற ஒரு முறை உண்டு. செம்பை நெருப்பில் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் இளகிவிடும். இளகிய தகட்டை வைத்து இறுக்கினால் சந்து பொந்தெல்லாம் அடைத்துக்கொள்ளும். ஆனால் காய்ச்சும்போது தகடு கோணக் கூடாது. அடியில் தட்டையாக ஏதாவது வேண்டும். அதற்கென்று வைத்திருந்த இரும்புப் பலகையை, அவன் ஊரில் இல்லாத சமயம் பார்த்து எவனோ புண்ணியவான் கொண்டுபோயிருந்தான்.

குடத்தை எடுத்துக்கொண்டு செட்டிகுளத்துக்கு ஓடினான். உச்சி வெயில். ராஜகிரி மலைப் பாறைகள் கண்ணைக் கூசச் செய்தன. கரையில் ஒரு ஈ காக்கை இல்லை. தண்ணீர் மொண்டுகொண்டு திரும்பும்போதுதான் அந்தக் கல்லைப் பார்த்தான். இட்லிப் பானை மூடி அகலம். நல்ல தட்டை. யாரோ நட்டு வைத்த மாதிரி மண்ணில் கொஞ்சம் புதைந்து நின்றது. யார் நட்டார்கள், எதற்கு நட்டார்கள் என்று யோசிக்க அவனுக்கு ஏது நேரம்? பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

கல் ஈரமாக இருந்தது. கரை மண் வெயிலில் வெடித்துக் கிடக்க, கல் மட்டும் இந்த நிமிஷம் தண்ணீர் ஊற்றியது போலச் சில்லென்று இருந்தது. கொட்டகைக்கு வருவதற்குள் அவன் சட்டையின் தோள் நனைந்துவிட்டது.

அடுப்புக்கரியைக் கொட்டித் துருத்தி போட்டான். கல்லை நெருப்பின் மேல் வைத்தான். எரிந்த இடத்தில் மெல்லிய செம்புத் துண்டை மடித்துத் தட்டி, தகட்டைக் கல்லின் மேல் பரப்பினான்.

ஸ்ஸ்ஸ்...

கல்லிலிருந்து தண்ணீர் கசிந்தது. ஈரக் கல் சூடானால் கசியும், சரி. ஆனால் நிற்கவில்லை. நெருப்பு சிவக்கச் சிவக்கக் கசிந்துகொண்டே இருந்தது. கூடவே ஒரு வாசனை. மஞ்சள் வாசனை.

தகடு பழுத்துச் சிவந்தது. இடுக்கியால் தூக்கினான். அப்போது...

"ஆ..."

பெண் குரல். தொண்டை காய்ந்த குரல். ரோஸ்மேரிதான் என்று நினைத்தான். ஆனால் வீடு அவன் முதுகுப் பக்கம் இருந்தது. குரல் அவன் முன்னாலிருந்து வந்தது. அடுப்பிலிருந்து.

"மாதாவே" என்று சிலுவை போட்டுக்கொண்டான். தகட்டைக் குடத்தில் முக்கினான். பயப்படவும் நேரம் வேண்டுமே.

என்ஜினைத் துடைத்தான். நாலு சிலிண்டர். ஒன்று, இரண்டு, நாலு காய்ந்திருந்தன. மூன்றாவதில் மட்டும் ஒரு கை அள்ளும் அளவு தண்ணீர். ரேடியேட்டர் தண்ணீர் என்றால் துருப்பிடித்துச் சிவப்பாக இருக்கும். இது தெளிந்த தண்ணீர். துணியால் ஒற்றி எடுத்தான். தகட்டை எடுக்கத் திரும்பினான். மறுபடி பார்த்தான்.

மறுபடி தண்ணீர்.

மறுபடி ஒற்றினான். அதற்கு மேல் குனிந்து பார்க்கவே இல்லை. தகட்டை வைத்து ஹெட்டை மூடினான். நடுவிலிருந்து தொடங்கி ஓரத்துக்கு, ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கினான்.  

அக்கம்பக்கத்தார் மொண்டு வந்த தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினான். இரண்டு குடம் கொள்ளும். இரண்டு குடமும் இறங்கியது. நிறையவில்லை. மூன்றாவது குடம்... அதுவும் இறங்கியது. கீழே ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை.

மடக்... மடக்... மடக்...

வெகுநாள் தாகத்தோடு யாரோ குடிக்கிற சத்தம்.

ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினான். வழக்கமாகக் கை விட்டுப்போகும் வரை சுற்ற வேண்டிய வண்டி, முதல் சுற்றிலேயே கிளம்பியது. புகையில் வெள்ளை இல்லை. கேஸ்கெட் பிடித்துக்கொண்டது.

ரோஸ்மேரியைப் பின் சீட்டில் நீட்டிப் படுக்கவைத்தார்கள். அங்கே வேறு ஆள் உட்கார இடமில்லை. அம்மாக்கண்ணு முன்னால் ஏறினாள். வெயில் தணியத் தொடங்கியிருந்தது.

வல்லம் வந்தபோது ரேடியேட்டர் மூடிமேல் இருந்த சூடு காட்டும் கண்ணாடிக் குழாயில் சிவப்புக் கோடு ஏறியிருந்தது. நிறுத்தித் திறந்தான். தண்ணீர் பாதிக்கு மேல் போயிருந்தது. ஆவி இல்லை. ஒழுக்கு இல்லை. எண்ணெயில் கலப்பும் இல்லை. போன தண்ணீர் எங்கே போயிற்று? ஒரு வீட்டில் குடம் வாங்கி நிரப்பிக்கொண்டு கிளம்பினான்.

கொஞ்ச தூரம்தான் போயிருப்பார்கள்.

மடக்... மடக்...

இந்த முறை சத்தம் முன்னாலிருந்து வரவில்லை. பின் சீட்டிலிருந்து வந்தது.

"தண்ணி குடுக்காதன்னு சொன்னேன் இல்ல?" அம்மாக்கண்ணு அதட்டினாள்.

"நான் வண்டி ஓட்டறேனே அக்கா. நான் எங்க குடுத்தேன்?"

அம்மாக்கண்ணு திரும்பிப் பின்னால் பார்த்தாள்.

பார்த்தபடியே இருந்தாள்.

மெல்ல முன்பக்கம் திரும்பினாள். அதற்குப் பிறகு அவள் கழுத்து அசையவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். 

"இன்னாக்கா?"



செபாஸ்தியான் திரும்பவில்லை. திரும்பினால் கை தவறும். கை தவறினால் ரோஸ்மேரி இல்லை. அது ஒன்றுதான் அவன் மண்டைக்குள் ஓடியது.

தீவனூர் நெருங்கியது. சிவப்பு உச்சிக்கு ஏறிவிட்டது. இனி ஓட்டினால் பிஸ்டன் இறுகிக்கொள்ளும். காலைத் தூக்கி பிரேக்கில் வைத்தான்.

"நிறுத்தாத!" அம்மாக்கண்ணு அவன் கையை நகம் பதியப் பிடித்தாள். "இங்க நிறுத்தாத செபாஸ்தி... இந்த எடத்துல மட்டும் நிறுத்தாத!"

"தண்ணி இல்லக்கா. என்ஜினு செத்துடும்."

"நிறுத்தாதடா!"

காலை எடுத்தான்.

சிவப்பு... இறங்கியது.

தானாக இறங்கியது. அடி வரைக்கும்.

வண்டி ஓடியது. முன்னைவிட வேகமாக ஓடியது. காற்றில் மஞ்சள் வாசனை. பின்னால்... இரண்டு பேர் மூச்சு விடும் சத்தம்.

பொழுது சாயும் முன்னே திண்டிவனம் வந்துவிட்டார்கள்.

ரோஸ்மேரியை உள்ளே கொண்டுபோனதும் ரேடியேட்டரைத் திறந்து பார்த்தான். ஒரு சொட்டு இல்லை. குச்சி விட்டுப் பார்த்தான். குச்சி காய்ந்தே வந்தது. ஹெட்டின் மேல் கை வைத்தான். கொதிக்க வேண்டிய இரும்பு சில்லென்று ஈரமாக இருந்தது. கையை இழுத்துக்கொண்டு நாலடி தள்ளிப் போய் நின்றான்.

ஆண் குழந்தை. இரண்டு உயிரும் தங்கின. டாக்டரம்மா வெளியே வந்து, "வழியெல்லாம் நல்லாத் தண்ணி குடுத்துக் கூட்டி வந்திருக்கீங்க. அதனாலதான் நாடி தாங்கிச்சு. வறண்டு போயிருந்தா என்னால ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது" என்றார்கள்.

செபாஸ்தியான் அம்மாக்கண்ணுவைத் தேடினான். அவள் அங்கே இல்லை. யாரிடமும் சொல்லாமல், காரில் ஏறாமல், வந்த தூரம் அத்தனையும் நடந்தே போய்விட்டாள் என்று பிறகு தெரிந்தது.

மறுநாள் காலையில் ரோஸ்மேரி தெளிந்து பேசினாள். அவன்தான் கேட்டான். "வழியில உனக்கு யாரு தண்ணி குடுத்தது?"

"என் தலைமாட்டுல இருந்துச்சே ஒரு அக்கா, அதான். கையில அள்ளி அள்ளி ஊத்திச்சி. வெதுவெதுன்னு, துரு வாடையா இருந்துச்சி. நீங்க கூட்டியாந்த ஆளுதானே?"

அவன் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான்.

"பாவம்" என்றாள் ரோஸ்மேரி. "அதுவும் என்னப் போலவே வாயும் வயிறுமா இருந்துச்சி. அதுக்கு எப்ப?"

நாலு நாள் கழித்து ஊர் திரும்பினான். கொட்டகை வாசலில் பச்சமுத்து நின்றிருந்தான். குளத்துக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்தில் பயிர் வைக்கிறவன். முகம் மழிக்காமல் துக்கக் கோலத்தில் இருந்தான்.

"அண்ணே, கொளத்தாங்கரையில ஒரு கல்லு நட்டு வச்சிருந்தோம். காணல. நீ பாத்தியா?"

அப்போதுதான் செபாஸ்தியானுக்கு விளங்கியது. தன் வீட்டில் செத்தவர்களுக்குச் சிலுவை நடுவார்கள். பச்சமுத்து வீட்டில் நீர்க்கரையில் கல் நடுவார்கள். அந்தக் கல்தான் செத்தவர். தாகம் தணிய அதற்குத் தினமும் மஞ்சள் பூசித் தண்ணீர் ஊற்றி, கருமாதி அன்று குளத்தில் விடுவார்கள். அதைத்தான் அவன் கொண்டுவந்து நெருப்பில் வைத்திருக்கிறான்.

சாம்பலைக் கிளறி எடுத்துக் கொடுத்தான். தெரியாமல் செய்த தப்பு என்று கையெடுத்துக் கும்பிட்டான். பச்சமுத்து திட்டவில்லை. கல்லைத் துண்டில் சுற்றிக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டான்.

"யாருக்குப்பா நட்டது?"

"என் தங்கச்சி கமலாம்பா. நீ பட்டணத்துல இருந்தப்போ நடந்துச்சி. தலைச்சன் புள்ள, ரெண்டு நாளு வலி. அம்மாக்கண்ணு அக்கா திண்டிவனத்துக்குக் கொண்டு போவச் சொல்லிச்சி. மாட்டு வண்டியிலதான் போனோம். வழியெல்லாம் தண்ணி, தண்ணின்னு கதறினா. ஒரு சொட்டு விடக்கூடாதுன்னு அக்கா சொம்பை மடியிலயே வச்சிக்கிச்சி."

செபாஸ்தியான் மெதுவாகக் கேட்டான். "எதுவரைக்கும் போனீங்க?"

"தீவனூரு தாண்டலண்ணே. அங்கதான் மூச்சு நின்னுச்சி. வண்டிய நிறுத்தச் சொல்லி, சொம்பை எங்கிட்ட நீட்டிச்சி அம்மாக்கண்ணு அக்கா."

பச்சமுத்து துண்டை இறுக்கிக்கொண்டான்.

"'இனி ஊத்துடா, இனி ஒண்ணும் பண்ணாது'ன்னுச்சி."